மன்னார் வளைகுடாவுக்கு வராமலே வந்துபோன ஜூல்ஸ் வெர்ன்

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். ஜூல்ஸ் வெர்ன் என்ற பிரெஞ்சு நாவலாசிரியர் குழந்தைகளுக்கு எழுதியவரா, பெரியவர்களுக்கா? ஒரே ஆள் அவ்வளவு புத்தகம் எப்படி எழுதினார்? அவளுக்கு எதை முதலில் வாங்கிக் கொடுக்கலாம்? நீங்கள் பாளையங்கோட்டையிலிருந்து கேட்பதால், பிரான்சை விட்டுவிட்டு உங்களுக்கு ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் கடலில் தொடங்குகிறேன்.

நான் இயற்பியல் வாத்தியார், ஓய்வு பெற்றாயிற்று. தூத்துக்குடிப் பக்கம் கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தபோது, ஐப்பசி மழை நாள் ஒன்றில் கரண்ட் போய்விட்டது. வகுப்பில் இருட்டு, வெளியே ஒரே சத்தம். பையில் வெர்ன் எழுதிய 'கடலடியில் இருபதாயிரம் லீக்' இருந்தது. அதன் இரண்டாம் பாகத்தில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் நம் மன்னார் வளைகுடாவுக்கே வருகிறது. அந்த இடத்தை எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

கப்பலின் தலைவன் நெமோ, விருந்தாளியாகவும் கைதியாகவும் இருக்கும் பேராசிரியர், அவருடைய உதவியாள், நெட் லேண்ட் என்ற ஈட்டிக்காரன் ஆகிய நான்கு பேரும் செம்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முத்துச் சிப்பி விளையும் திட்டுகளான பார்களுக்கு நடுவே கடலடியில் நடக்கிறார்கள். மேலே ஒரு தோணியின் நிழல் தெரிகிறது. அதிலிருந்து ஒருவன் சர்க்கரைக்கட்டி மாதிரி கூம்பாகச் செதுக்கிய கல்லைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு இறங்குகிறான். மண்டியிட்டு, கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் திணித்து, மேலே போய் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்குகிறான். ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம்தான். அப்போது சுறா வருகிறது. நெமோ கத்தியோடு பாய்கிறான், நெட் லேண்ட் ஈட்டியால் குத்தி முடிக்கிறான். குளிகாரனைத் தோணியில் கிடத்தித் தேய்த்து எழுப்புகிறார்கள். அவன் கண் திறந்து பார்த்தால் தன்மேல் குனிந்திருக்கும் நான்கு செம்புத் தலைகள்! பயந்து நடுங்குகிறவன் கையில் நெமோ ஒரு பை நிறைய முத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான்.

வகுப்பு அசையாமல் கேட்டது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் மட்டும் எழுந்தான். அவன் தாத்தா சங்கு குளித்தவர். "சார், அந்தாளுக்குக் கயிறு பிடிக்க மச்சான் எங்க சார்?"

உங்களுக்கு இது தெரிந்திருக்கும், தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முத்துக் குளிக்கிறவன் தனியாக இறங்குவதில்லை. மேலே தோணியில் கயிறு பிடிக்க ஆள் இருக்கும். மண்டக்கு என்பார்கள். கீழே கயிறு அசைந்தால் மேலே இழுத்துவிட வேண்டும். உயிர் அந்தக் கையில் இருப்பதால் கயிறு பிடிக்க மச்சான்தான் சரி, தங்கச்சி தாலியை நினைத்தாவது விடாமல் பிடிப்பான் என்று கடற்கரையில் சொல்வார்கள்.

பையன் கேட்ட கேள்விக்குப் பதில் புத்தகத்திலேயே இருந்தது. சலாபம் என்கிற முத்துக் குளிப்பு நடப்பது மார்ச் மாதத்தில், நெமோ வருவது ஜனவரியில் என்று வெர்ன் தெளிவாகவே எழுதியிருக்கிறார். இந்த ஆள் அறுவடைக்கு முன்னாலேயே கதிர் பொறுக்க வந்த ஏழை, அதனால்தான் தனியாக வந்திருக்கிறான் என்றேன். "அப்போ களவாணிக் குளிப்பு சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், வெர்ன் எழுதிய விதம் முழுக்க இந்த ஒரு காட்சியிலேயே தெரிகிறது என்பதுதான். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கல், பை, கயிறு, 300 தோணி, ஒரு தோணியில் 10 துடுப்புக்காரர் 10 குளிகாரர், கெட்டிக்காரர்கள் 57 விநாடி, மிகச் சிலர் 87 விநாடி மூச்சடக்குவார்கள் என்ற கணக்கு, எல்லாமே பயண நூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் படித்துத் திரட்டியவை. பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. தப்பும் உண்டு. அதே அத்தியாயத்தில் ராட்சசச் சிப்பி ஒன்றுக்குள் தேங்காய் அளவு முத்து மினுங்குகிறது. அந்த வகைச் சிப்பியில் விளைவது பீங்கான் மாதிரி இருக்குமே தவிர, நம் முத்தின் ஒளி அதில் வராது. சுறா விஷயத்தில் ஓர் அருமையான ஆளையும் அவர் தவறவிட்டுவிட்டார். கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார், மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். அவர் கரையில் இல்லாமல் குளிகாரர்கள் இறங்க மாட்டார்கள் என்பதால், முத்துக் குளிப்புகளில் ஆங்கில அரசே சம்பளம் கொடுத்து அவரை வைத்திருந்தது. வெர்ன் கண்ணில் பட்டிருந்தால் விட்டிருப்பாரா?

சரி, ஆளைப் பற்றிச் சொல்கிறேன். 1828 பிப்ரவரி 8ஆம் தேதி, பிரான்சின் நாந்த் நகரத்தில் பிறந்தார். அது கப்பல்கள் வந்துபோகும் ஆற்றுத் துறைமுகம். அப்பா வக்கீல். மூத்த பிள்ளையும் வக்கீலாகித் தன் ஆபீசை ஏற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பதினொரு வயதில், சொந்தக்காரப் பெண்ணுக்குப் பவழ மாலை வாங்கிவரக் கள்ளத்தனமாகக் கப்பலேறிப் பிடிபட்டார், இனி கனவில்தான் பயணம் போவேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்தார் என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். 1928இல் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து கிளம்பிய கதை அது. ஆய்வாளர்கள் நம்புவதில்லை. பெரியவனானதும் அவர் ஸ்காட்லாந்து, நார்வே, அமெரிக்கா என்று சுற்றியிருக்கிறார். சொந்தமாக ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று படகுகளும் வைத்திருந்தார்.

பாரிசுக்குப் போய்ச் சட்டம் படித்து முடித்தார், வக்கீல் தொழிலுக்கு மட்டும் திரும்பவில்லை. நாடகம் எழுதினார், நாடகக் கொட்டகையில் செயலாளராக இருந்தார். கல்யாணமானதும் அப்பா பணத்தில் பங்குச் சந்தைத் தரகு நிறுவனம் ஒன்றில் ஒரு பங்கு வாங்கி அங்கே உட்கார்ந்தார். விடியற்காலையில் எழுத்து, பகலில் சந்தை. முதல் நாவல் வெளிவந்தது 1863 ஜனவரியில், 35 வயது முடியப்போகும் நேரத்தில். பலூனில் ஆப்பிரிக்காவைக் கடக்கும் கதை.

இங்கேதான் வெர்னுக்குக் கயிறு பிடித்த மனிதர் வருகிறார். பியேர் ஜூல் எட்செல் என்ற பதிப்பாளர். குடியரசுக் கட்சிக்காரர், அரசியல் காரணத்தால் நாடு கடந்து இருந்துவிட்டுத் திரும்பியவர். அன்றைய பிரெஞ்சுப் பள்ளிகளில் தேவாலயத்தின் கை ஓங்கியிருந்தது, அறிவியலுக்கு இடம் குறைவு. அந்தப் பள்ளத்தை வீட்டிலேயே நிரப்ப வேண்டும் என்று 1864 மார்ச்சில், ழான் மாசே என்ற கல்வியாளரோடு சேர்ந்து, கல்வியும் பொழுதுபோக்கும் என்ற பொருள்படும் பெயரில் மாதம் இருமுறை வரும் இதழ் ஒன்றைத் தொடங்கினார். முதல் இதழிலேயே வெர்னின் தொடர்கதை. ஆண்டுக்கு மூன்று தொகுதி எழுதித் தர வேண்டும், மாதாமாதம் பணம் வரும் என்று ஒப்பந்தம். 1871இல் அது இரண்டு தொகுதியாகக் குறைந்தது.

எப்படி அவ்வளவு எழுதினார் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இந்த ஒப்பந்தம்தான். 'அசாதாரணப் பயணங்கள்' என்ற வரிசையில் 1863 முதல் 1905 வரை 54 நாவல். நம் ஊர் வாரப் பத்திரிகைத் தொடர் எழுத்தாளர்களின் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. காலை 5 மணிக்கு எழுந்து 11 வரை எழுத்து. மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து செய்தித்தாள், அறிவியல் சங்க அறிக்கை, பயணக் குறிப்பு எல்லாம் படித்து அட்டைகளில் குறித்துக்கொள்வது. அந்த அட்டைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. முதலில் பென்சிலில் எழுதுவார், பிறகு அதன் மேலேயே மையால் எழுதுவார். புரூஃப் வந்தால் ஏழெட்டு முறை திருத்துவார். அச்சுக்கூடத்துக்காரர்கள் என்ன பாடு பட்டிருப்பார்களோ.

எட்செல் வெறும் முதலாளி அல்ல. வரிக்கு வரி கை வைப்பவர். ஆரம்பத்திலேயே வெர்ன் இருபதாம் நூற்றாண்டுப் பாரிசைப் பற்றி ஒரு சோகமான நாவல் எழுதிக் கொடுத்தார். இதை யாரும் நம்ப மாட்டார்கள் என்று எட்செல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது வெர்னின் கொள்ளுப்பேரன் கைக்கு 1989இல் கிடைத்து, 1994இல் அச்சாயிற்று. நூற்று முப்பது வருஷம் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இன்னொரு தலையீடு நமக்கு நேரே சம்பந்தப்பட்டது. நெமோவை முதலில் வெர்ன் ஒரு போலந்துக்காரனாகத்தான் நினைத்திருந்தார். 1863இல் மூண்ட போலந்து கிளர்ச்சியை ரஷ்யா நசுக்கியது, அதில் குடும்பத்தை இழந்தவன் பழிவாங்கக் கடலுக்குள் போகிறான் என்பது திட்டம். ரஷ்யாவில் புத்தகம் விற்க வேண்டுமே என்று எட்செல் சம்மதிக்கவில்லை. கடிதத்தில் பெரிய சண்டை நடந்தது. கடைசியில் நெமோ ஊர் பேர் இல்லாதவன் ஆனான். லத்தீனில் நெமோ என்றாலே 'யாருமில்லை' என்றுதான் அர்த்தம். பிறகு 1874–75இல் வந்த 'மர்மத் தீவு' நாவலில் அவன் இந்தியன் என்று வெளிப்படுகிறது. பண்டேல்கண்ட் இளவரசன் தக்கார், திப்பு சுல்தானின் உறவு, 1857இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடி எல்லாவற்றையும் இழந்தவன்.

இப்போது மன்னார் காட்சியின் கடைசிக்குத் திரும்பி வாருங்கள். மனிதர்களையே வெறுத்து ஒதுங்கிய நீ ஏன் அந்தக் குளிகாரனைக் காப்பாற்றினாய் என்று பேராசிரியர் கேட்கிறார். பிரெஞ்சு மூலத்தில் நெமோ சொல்வது இது: அந்த இந்தியன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன், நானும் இன்றுவரை அந்த நாட்டுக்காரன்தான், கடைசி மூச்சு வரைக்கும் அப்படியே இருப்பேன். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இது 'ஒடுக்கப்பட்ட ஒரு நாடு' என்று ஆகிவிட்டது. சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். ஒடுக்கப்பட்டவர்களின் நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. போலந்துக்காரனும் அதில் இருக்கலாம், தூத்துக்குடிக் குளிகாரனும் இருக்கலாம். எட்செலின் தடையைச் சுற்றிக்கொண்டு போக வெர்ன் கண்டுபிடித்த வழி இது என்றே நான் படிக்கிறேன்.

மொழிபெயர்ப்பு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் தமிழில் நமக்குக் கிடைக்கும் சுருக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வந்தவை. லூயிஸ் மெர்சியர் என்ற பாதிரியார் 1870களில் செய்த ஆங்கிலப் பதிப்பு மூலத்தில் ஏறக்குறைய கால்வாசியை வெட்டி எறிந்தது. போனதில் அறிவியலும் நிறைய, அரசியலும் நிறைய. 'மர்மத் தீவு' ஆங்கிலத்துக்குப் போனபோது, நெமோ ஆங்கில ஆட்சியைத் திட்டும் பகுதி மழுங்கிப்போயிற்று. வெட்டிய ஆங்கிலத்தை இன்னும் சுருக்கி நாம் தமிழில் படித்தோம். சாறு பிழிந்த கரும்புச் சக்கையை மென்றுவிட்டு, வெர்ன் வெறும் சாகசக்காரர் என்று தீர்ப்பும் சொன்னோம்.

குழந்தைகள் எழுத்தாளரா என்ற கேள்விக்கு வருகிறேன். 'இருபதாயிரம் லீக்' குழந்தைகள் இதழில் 1869 மார்ச் முதல் 1870 ஜூன் வரை வந்தது. ஆனால் சந்திரனுக்குப் போகும் கதையும் 'எண்பது நாளில் உலகைச் சுற்றி'யும் பெரியவர்கள் படிக்கும் தினசரிகளில் தொடராக வந்தவை. மூன்றுமே பிறகு எட்செலின் சிவப்பும் தங்கமுமான அட்டை போட்டு, படங்களோடு, வருஷக் கடைசியில் பரிசு கொடுப்பதற்கான புத்தகமாக வெளிவரும். நம் தீபாவளி மலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்பா வாங்குவார், வீடே படிக்கும். அவரைக் குழந்தைகள் அலமாரிக்குள் மட்டும் தள்ளிவிட்டது பிரெஞ்சு இலக்கிய உலகத்தின் உதாசீனமும் இந்தச் சுருக்கங்களும். நிஜத்தில் பணம் கொட்டியதும் புத்தகத்தில் அல்ல, 'எண்பது நாள்' 1874இல் நாடகமாகி மேடை ஏறியபோதுதான்.

ஒரு சின்னக் கிளைக்கதை. அந்த நாவலில் உலகைச் சுற்றும் கதாநாயகன் ஃபாக் லண்டனை விட்டுக் கிளம்புவது 1872 அக்டோபர் 2ஆம் தேதி. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார். அவரும் வக்கீல் மகன், அவரும் சட்டம் படித்தார். வெர்ன் இறந்த மறு வருஷம், 1906இல், வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகத் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். நெமோ கோபத்தில் கடலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். நம்ம ஊர்க்காரர் பங்கு விற்று, டிக்கெட் போட்டு, பட்டப்பகலில் கப்பல் ஓட்டினார். இன்னொரு வக்கீலும் உண்டு. நவதிருப்பதிகளில் ஒன்றான பெருங்குளத்தில் 1891இல் பிறந்த பெ.நா. அப்புஸ்வாமி. கதை எழுதவில்லை, ஆனால் மின்சாரம், ரயில், வானொலி, அணு என்று எட்செல் கனவு கண்ட வேலையைத் தமிழில் 94 வயது வரைக்கும் செய்தவர் அவர். உங்கள் மகளுக்கு அவரையும் அறிமுகம் செய்யுங்கள்.

அறிவியல் எவ்வளவு சரி என்று கேட்பவர்களுக்கு: கலவை. 1865இல் வந்த சந்திரன் கதையில் பீரங்கியில் ஆளை வைத்துச் சுடுகிறார். அப்படிச் சுட்டால் கிளம்பும் அதிர்ச்சியிலேயே உள்ளே இருப்பவர்கள் கூழாகிவிடுவார்கள். ஆனால் எங்கிருந்து ஏவுவது என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அது இன்றைக்கும் பாடம். சந்திரன் தலைக்கு நேரே வரவேண்டுமானால் 28 டிகிரி அட்சரேகைக்குள் இருக்க வேண்டும், அமெரிக்காவில் அப்படிப்பட்ட இடம் டெக்சாசும் ஃபுளோரிடாவும்தான், இரண்டும் எனக்கு உனக்கு என்று சண்டை போடுகின்றன, கடைசியில் ஃபுளோரிடா ஜெயிக்கிறது. நூறு வருஷம் கழித்து நிஜமாகவே ஃபுளோரிடாவிலிருந்துதான் போனார்கள். நம் குலசேகரப்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கை குறுக்கே வரும், வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். அதனால்தான் அங்கே ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தசராவுக்குப் போகிற ஊர் வெர்ன் கேட்ட கேள்விக்கு விடையாக இருக்கிறது.

கடைசிக் காலம் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. 1886 மார்ச்சில், மனநிலை பாதிக்கப்பட்டிருந்த தம்பி மகன் துப்பாக்கியால் சுட்டு, காலில் குண்டு பாய்ந்தது. அதை எடுக்கவே முடியவில்லை, சாகும்வரை நொண்டிதான் நடந்தார். எட்டே நாளில் எட்செல் இறந்துபோனார். படகையும் அதற்குச் சற்று முன்பே விற்றிருந்தார். பிறகு வந்த கதைகளில் கண்டுபிடிப்பாளன் பெரும்பாலும் கிறுக்கனாகவோ ஆபத்தானவனாகவோ வருகிறான். இதற்கு நடுவில் 1888இல் தான் குடியிருந்த அமியேன் என்ற ஊரின் நகரசபைக்குத் தேர்தலில் நின்று ஜெயித்து, ஊருக்கு நிரந்தர சர்க்கஸ் கட்டடம் கட்டவைத்தார். சர்க்கரை வியாதி, கண்ணில் புரை. 1905 மார்ச் 24ஆம் தேதி இறந்தார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு அவர் கதைகளில் பெரும்பாலும் வேலையே இல்லை. யூதர்களைப் பற்றியும் ஆப்பிரிக்கர்களைப் பற்றியும் அந்தக் காலத்து வெள்ளைக்காரன் பார்வை சில இடங்களில் கூசவைக்கும்.

உங்கள் மகளுக்கு முதலில் 'எண்பது நாள்'. அதில் இந்தியாவில் உடன்கட்டை ஏறவைக்கும் காட்சி ஒன்று வரும், அந்த இடத்தில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். கிழக்கு நோக்கிப் போன ஃபாக்குக்கு ஒரு நாள் எப்படி மிஞ்சியது என்பது அவளுக்குப் புரியவேண்டுமே, அதற்கு வீட்டு மொட்டை மாடி போதும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. திருநெல்வேலி இருப்பது 77.7இல். டிகிரிக்கு 4 நிமிஷம், ஆக நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 19 நிமிஷத்துக்கு. ஒரு கம்பை நட்டு நிழலை அளக்கச் சொல்லுங்கள். அந்த 4 நிமிஷத்தை 360ஆல் பெருக்கினால் 24 மணி நேரம். ஃபாக்குக்கு மிஞ்சிய நாள் அதுதான்.

அடுத்தது 'இருபதாயிரம் லீக்'. லீக் என்பது ஆழம் அல்ல, போன தூரம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரெஞ்சு லீக் 4 கிலோமீட்டர், மொத்தம் 80,000 கிலோமீட்டர், பூமியை இரண்டு சுற்று. பிறகு 'மர்மத் தீவு', கொஞ்சம் வளர்ந்தபின்.

ஆங்கிலத்தில் வாங்குவதானால் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். 'இருபதாயிரம் லீக்' முதல் பாகம் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து முதல் பத்தியைப் பாருங்கள். 'டிஸ்அக்ரீயபிள் டெரிட்டரி ஆஃப் நெப்ராஸ்கா' என்று இருந்தால் அது பாதிரியார் வெட்டியது, அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். 'பேட்லாண்ட்ஸ்' என்று இருந்தால் வாங்கலாம். பூமியின் மையத்துக்குப் போகும் கதையை எடுத்தால் பேராசிரியர் பெயரைப் பாருங்கள். லிடன்பிராக் என்றுதான் இருக்க வேண்டும், ஹார்ட்விக் என்று இருந்தால் அதுவும் வேண்டாம்.